ஃபிட்ஸுக்கு (வலிப்பு) இடது பக்க டெம்போரல் லோப் (மூளையோட பக்கவாட்டுப் பகுதி) ஆபரேஷன் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க

தம்பியின்அக்கா:
தம்பிக்கு 27 வயசு. குழந்தையில காய்ச்சல்ல ஒருதரம் ரொம்ப நேரம் ஃபிட்ஸ் வந்துச்சு, அப்புறம் ஒண்ணும் இல்ல, 14 வயசுல திரும்ப ஆரம்பிச்சது. வயித்துலேர்ந்து என்னமோ மேல ஏறுதுங்கிறான், உடனே கண்ணு நிலைகுத்தி சப்புக் கொட்டிக்கிட்டே சட்டையைப் பிசையறான், ரெண்டு நிமிஷம் கழிச்சு கேட்டா எதுவும் தெரியல. கார்பமசெபின், லெவெடிராசெட்டம், க்ளோபசாம் எல்லாம் போட்டும் மாசம் நாலஞ்சு வருது. எம்ஆர்ஐல இடது ஹிப்போகேம்பஸ் (டெம்போரல் லோப் உள்ள இருக்கிற ஞாபகப் பகுதி) சுருங்கியிருக்காம், ஆபரேஷன் பத்தி யோசிங்கன்னுட்டார் டாக்டர். அம்மா தலையில கத்தி வைக்கவே கூடாதுன்னு அழறாங்க. அவன் ஸ்கூல்ல தமிழ் வாத்தியார். பண்ணா நின்னுடுமா?

ஈஈஜிலேப்:
ஈஈஜி (மூளையோட மின்னலையைப் பதியிற டெஸ்ட்) எடுக்கிற லேப்ல வேலை பாக்குறேன், அதனால சொல்றேன். சரியான ரெண்டு மாத்திரை சரியான டோஸ்ல போட்டும் நிக்கலன்னா மூணாவது நாலாவதுல நிக்கிற சான்ஸ் ரொம்பக் கம்மி, ஆனா நம்ம ஊர்ல பத்து பதினஞ்சு வருஷம் மாத்திரையை மாத்திக்கிட்டே இருந்துட்டுத்தான் வர்றாங்க, அதுதான் மனசு கஷ்டமா இருக்கு. 2001ல கனடாவுல இந்த மாதிரி ஃபிட்ஸ் உள்ள 80 பேரை ரெண்டா பிரிச்சுப் பாத்தாங்க. ஒரு வருஷத்துல நினைவு தப்புற ஃபிட்ஸ் இல்லாம இருந்தவங்க ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரை மட்டும் போட்ட பக்கம் 8. அதுல இறந்த ஒருத்தர் மாத்திரை பக்கம்தான், இதை அம்மாகிட்ட சொல்லுங்க. ஆனா லண்டன்ல ஆபரேஷன் பண்ண 615 பேரை பல வருஷம் தொடர்ந்து பாத்ததுல ஃபிட்ஸ் இல்லாம இருந்தவங்க அஞ்சு வருஷத்துல 52, பத்து வருஷத்துல 47 சதவீதம்தான், அதனால நிரந்தரமா போயிடும்னு யாரும் கேரண்டி தர முடியாது. ஹிப்போகேம்பஸ் சுருக்கம் எம்ஆர்ஐல தெளிவா தெரிஞ்சு, வீடியோ ஈஈஜியும் (ஃபிட்ஸ் வர்றப்ப வீடியோவோட சேர்த்து எடுக்கிறது) அதே இடத்தைக் காட்டினா ரிசல்ட் நல்லாருக்கும்.

வலதுபக்கம்:
எனக்கு 2015ல பண்ணாங்க, வலது பக்கம். வீடியோ ஈஈஜிக்கு அட்மிட் பண்ணி மாத்திரையைக் குறைச்சு ஃபிட்ஸ் வரட்டும்னு காத்திருந்த அந்த அஞ்சு நாள்தான் பயம், ஆபரேஷன் கூட அவ்வளவு இல்ல. அதுக்கப்புறம் ஒருதரம் கூட வரல, ஆனா மாத்திரையை உடனே நிறுத்தல, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் மெதுவா குறைச்சாங்க, ஒண்ணு இன்னும் ஓடுது. இடது கண்ணுல பாத்தாலும் வலது கண்ணுல பாத்தாலும் இடப்பக்கம் மேல் மூலை கொஞ்சம் தெரியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை ஆஸ்பத்திரியில 1995லேர்ந்து இந்த ஆபரேஷன் நடக்குது, தமிழ்நாட்டுலேர்ந்து நிறைய பேர் போறாங்க.

மதுரைவீடு:
என் வீட்டுக்காரிக்கு இடது பக்கம். ஃபிட்ஸ் நின்னுடுச்சு, ஆனா ஆள் பேரு, பொருள் பேரு சட்டுனு வர மாட்டேங்குது, எல்லாம் நோட்டுல எழுதி வச்சுக்கிறா. வாத்தியாருன்னா இதை முன்னாடியே பேசிடுங்க. சைக்காலஜிஸ்ட் ஞாபக டெஸ்ட் எடுப்பாங்க, இடது பக்க ஞாபகம் (வார்த்தை, பேரு ஞாபகம்) இப்பவே கம்மியா இருந்தா இழக்கிறது கம்மி, நல்லா இருந்தாத்தான் இழப்பு ஜாஸ்தி. எங்களுக்கு அதை யாரும் விளக்கல.

தம்பியின்அக்கா:
அவனுக்கு இப்பவே பசங்க பேரு மறக்குது, அது மாத்திரையாலன்னு நினைச்சிருந்தோம். ஞாபக டெஸ்ட்டும் வீடியோ ஈஈஜியும் முதல்ல எடுக்கச் சொல்றேன். அந்த ஒரு இறப்பு எந்தப் பக்கம்ங்கிறதை அம்மாகிட்ட இன்னைக்கு ராத்திரி சொல்லப் போறேன்.