பச்சிளங்குழந்தையின் ஈறில் வெள்ளை மணிகள்: பல்லா, அக்கரமா, வேறு ஏதாவதா?

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்):
14ஆம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்த குழந்தை. நிறைமாதம், பால் நன்றாகக் குடிக்கிறது. மேல் ஈறில் கடுகளவு வெள்ளையாக மூன்று, மேலண்ணத்தின் நடுக்கோட்டில் இரண்டு. பாட்டி பல் என்கிறார். பெரியம்மா அக்கரம் (வாயில் வரும் பூஞ்சைத் தொற்று) என்று சொல்லி, துணியில் தேன் தொட்டுத் தேய்க்கப் பார்க்கிறார். வீட்டிலேயே எப்படிப் பிரித்தறிவது?

பதில் (குழந்தைகள் பல் மருத்துவர்):
சிஸ்டர், நீங்கள் சொல்லும் இடமும் அளவும் சாதாரண வெள்ளை மணிகளுக்கே பொருந்துகின்றன. நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இவை உண்டு, குறைமாதத்தில் குறைவு. அளவு 1 முதல் 3 மி.மீ.

அண்ணத்தின் நடுக்கோட்டில் இருப்பவை எப்ஸ்டைன் முத்துகள். கருவில் அண்ணத்தின் இரு பாதிகளும் ஒன்றுசேரும்போது இடையில் சிக்கிய தோல் செல்கள் அங்கேயே கெரட்டின் என்ற தோல் புரதத்தைச் சேர்த்துவைக்கும். ஈறின் உச்சியில் வருவது பல் முளைக்கக் காரணமான திசுவின் மிச்சம். ஈறின் கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ இருந்தால் போன் (Bohn) முடிச்சு என்பார்கள். பெயர் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கை வைக்காமல் விடுவது. உள்ளே சீழோ நீரோ கிடையாது. தானே உடைந்து உதிரும். பெரும்பாலும் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள்.

பார்க்கும் முறை: தாயும் நீங்களும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருங்கள். குழந்தையின் தலை உங்கள் மடியில், கால்கள் தாயின் பக்கம். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய சுண்டுவிரலின் சதைப் பகுதியால் ஈறைத் தடவுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மணி மேடாகத் தெரியும், கண்ணும் கூசாது. மணி உருண்டையாக, அசையாமல், வலியில்லாமல் இருக்கும். பல்லாக இருந்தால் கூரான விளிம்பு விரலில் படும். பெரும்பாலும் கீழ் முன்வரிசையில்தான் வரும், அசையவும் செய்யும்.

பதில் (குழந்தை நல மருத்துவர்):
அக்கரத்தைப் பற்றிச் சேர்க்கிறேன். அது பூஞ்சைத் தொற்று. தயிர்த் திட்டுப்போல நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒழுங்கில்லாமல் படரும். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் எளிதில் வராது. வந்தால் அடியில் சிவந்து, சில நேரம் ரத்தம் கசியும். நாக்கில் மட்டும் மெல்லிய வெள்ளை, துடைத்ததும் போகிறது என்றால் அது பால் படிவு. அக்கரம் என்றால் பூஞ்சை மருந்து தேவை. தாயின் முலைக்காம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேன் கூடவே கூடாது. ஒரு வயது வரை அதிலிருந்து பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வரும் ஆபத்து உண்டு. துணியால் அழுத்தித் தேய்ப்பதும் ஊசியால் குத்துவதும் ஈறைப் புண்ணாக்கி, கிருமி நுழைய வழிவிடும். கடையில் விற்கும் பல் வலி ஜெல்லும் வேண்டாம். அதில் பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது தடைப்படலாம்.

வீட்டாரிடம் 'கட்டி' என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லிலேயே பயந்துவிடுவார்கள். 'வெள்ளை மணி, தானே உதிரும்' என்றால் போதும். பாட்டியின் விரலைக் கழுவச் சொல்லி அவரையே தொட்டுப் பார்க்க வையுங்கள். கூர்மை இல்லை என்று அவரே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அவரே எடுத்துச் சொல்வார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி டாக்டர். பல்தான் என்று தெரிந்தால் உடனே பிடுங்கச் சொல்லலாமா?

பதில் (குழந்தைகள் பல் மருத்துவர்):
வேண்டாம். அது பெரும்பாலும் கூடுதல் பல் இல்லை, முன்கூட்டியே வந்த பால் பல்லேதான். பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொரு பால் பல் வராது. நன்றாக ஆடி மூச்சுக்குழாயில் விழும்படி இருந்தாலோ, நாக்கின் அடியில் உரசிப் புண்ணாக்கிப் பால் குடிக்கவிடாமல் செய்தாலோ மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று அட்டையைப் பார்த்து எழுதிவிடுங்கள்; போடாத குழந்தைக்குப் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போகலாம்.

மணி 3 மி.மீ.க்கு மேல் வளர்ந்தாலும், நீலமாகவோ சிவப்பாகவோ மாறினாலும், நாக்கின் அடியில் இருந்தாலும், மூன்று மாதம் தாண்டியும் நின்றாலும் நேரில் காட்டச் சொல்லுங்கள்.