ப்ரவுஸ் நாப் இடப்பக்கம் திருப்பினால் பட்டியல் கீழே தாவுகிறது, அவசரம்

இரவுச்சுழல்: வணக்கம். நாளைக்கு ஒரு நிகழ்ச்சியில் டிஜேயாக வாசிக்க வேண்டும், பாட்டுகளை இன்னும் அடுக்கி முடிக்கவில்லை. கன்ட்ரோலரில் பாட்டுப் பட்டியலை நகர்த்தும் திருகு, அதாவது ப்ரவுஸ் நாப், அதை வலப்பக்கம் திருப்பினால் ஒவ்வொரு பாட்டாக ஒழுங்காக இறங்குகிறது. இடப்பக்கம் ஒரு சொடுக்கு திருப்பினால் மேலே ஏறாமல் எங்கோ அடியில் போய் நிற்கிறது. கன்ட்ரோலர் போய்விட்டதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்முடிச்சு: எந்த சாஃப்ட்வேர்? விண்டோஸா, மேக்கா? மேப்பிங் (எந்த நாப், பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) கூடவே வந்ததா, நீங்களே செய்ததா?

பேஸ்தம்பி: ப்ரோ, யூஎஸ்பி ஹப் வழியாக இணைத்திருக்கிறீர்களா? மின்சாரம் போதாமல் இருந்தால் இப்படித்தான் கோளாறு காட்டும். நேராக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள்.

பழையடெக்: ஹப்பில் மின்சாரம் போதாவிட்டால் கன்ட்ரோலர் பெட்டி மொத்தமாக அணைந்து மறுபடி வரும், ஒரு திசையை மட்டும் கெடுக்காது. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாற 1983-இல் வந்த தரம். ஒரு சாதாரண நாப் அனுப்பும் மதிப்பு 0 முதல் 127 வரைதான். இந்த அடிப்படை தெரியாமல் மேப்பிங்கில் கை வைப்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? முதலில் கையேட்டைப் படியுங்கள்.

வயர்முடிச்சு: அண்ணா, அவருக்கு நாளைக்கு நிகழ்ச்சி. கையேடு அப்புறம் படிக்கட்டும்.

இரவுச்சுழல்: மிக்ஸ் (Mixxx) என்ற டிஜே சாஃப்ட்வேர், விண்டோஸ். சாதாரண மிடி பெட்டி, நாபைத் திருப்பிக் காட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும் ‘லேர்ன்’ வசதியை வைத்து நானே மேப் செய்தேன். ஹப் இல்லை.

கியூபாயின்ட்: அப்படியென்றால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. முடிவில்லாமல் சுற்றும் நாப் தான் நிற்கும் இடத்தைச் சொல்லாது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் சொல்லும். பல பெட்டிகளில் வலப்பக்கத்துக்கு 1, இடப்பக்கத்துக்கு 127. அந்த 127-ஐ ‘ஒன்று குறை’ என்று படிக்க வேண்டும். உங்கள் மேப்பிங் அதை அப்படியே எண்ணாக எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் பட்டியல் கீழே பாய்கிறது. வேறு சில பெட்டிகள் 65, 63 என்று அனுப்பும். மிடி செய்திகளைத் திரையில் காட்டும் மிடி-ஆக்ஸ் புரோகிராமைத் திறந்து நாபைத் திருப்பிப் பாருங்கள். அதற்கு முன் மிக்ஸை மூடிவிடுங்கள். விண்டோஸில் பெரும்பாலும் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும்.

இரவுச்சுழல்: 1, 127 என்றுதான் வருகிறது. இன்னொன்று, டெக் (பாட்டு ஓடும் பிளேயர்) மாற்றும் பட்டனை அழுத்தியபின், வேகத்தை மாற்றும் டெம்போ ஃபேடரைத் தொட்டால் பாட்டின் வேகம் எகிறுகிறது.

கியூபாயின்ட்: சரி, இரண்டும் ஒரே திரையில் தீரும். மேப்பிங் பட்டியலில் நாபின் வரிசையில் ‘செலக்ட் நாப்’ டிக் செய்யுங்கள். ஃபேடருக்கு ‘சாஃப்ட் டேக்ஓவர்’. அதைப் போட்டால், ஃபேடர் டெக்கின் உண்மையான வேகத்தைத் தாண்டிப் போகும்வரை எதுவும் நகராது. ட்ராக்டர் என்ற இன்னொரு டிஜே சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு: என்கோடர் மோடில் 7எஃப்/01, 3எஃப்/41 என்று இரண்டு இருக்கும் (127/1, 63/65 என்பதன் ஹெக்ஸ் எழுத்து). 1, 127 வந்தால் முதலாவது.

பேஸ்தம்பி: இதற்கெல்லாம் ஏன் நாப்? வீட்டில் பாட்டு தயார் செய்ய மவுஸே போதும். கன்ட்ரோலர் மிக்ஸ் செய்யத்தான்.

வயர்முடிச்சு: அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. ஜாக் வீலை (கன்ட்ரோலரின் பெரிய வட்டை) மெல்ல முன்னும் பின்னும் உருட்டி, கிக் டிரம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று காதால் பிடித்து ஹாட் கியூ (ஒரு தட்டில் தாவிப் போகும் அடையாளம்) வைப்பது மவுஸில் வராது. அலைவடிவத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற இடம், ஹெட்ஃபோனில் கொஞ்சம் தள்ளி இருக்கும். எந்தப் பேடில் (தட்டும் பட்டனில்) எந்தக் கியூ என்பது விரலுக்கும் அப்போதே பழகிவிடும்.

பழையடெக்: கிரிட் (தாளத்தின் ஒவ்வொரு பீட்டையும் குறிக்கும் கோடுகள்) சரியாக இல்லாமல் கியூ வைத்து என்ன பயன்? கோட்டோடு ஒட்டவைக்கும் குவாண்டைஸ் போட்டிருந்தால் பேடை எங்கே தட்டினாலும் கியூ பக்கத்துக் கோட்டில்தான் ஒட்டும். கோடு தவறு என்றால் கியூவும் தவறு. மனிதர் டிரம் வாசித்த பழைய பாட்டில் வேகம் அலையும். அதற்கு ஒரே வேகத்தில் கிரிட் போட்டால் பாதிப் பாட்டுக்குள் கோடுகள் விலகிவிடும். பிறகு இரண்டு பாட்டின் தாளத்தைத் தானே சேர்க்கும் சிங்க் பட்டனைக் குறை சொல்வீர்கள்.

வயர்முடிச்சு: இதில் உங்கள் பக்கம்தான் அண்ணா. அந்த மாதிரிப் பாட்டுக்கு நான் குவாண்டைஸை அணைத்துவிட்டு, சிங்கும் இல்லாமல் கையால்தான் சேர்க்கிறேன்.

பேஸ்தம்பி: கையால் சேர்க்க நானும் பார்த்தேன், என் ஃபேடரில் வேகம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, நடுவில் நிற்பதில்லை.

கியூபாயின்ட்: அது 7 பிட் ஃபேடராக இருக்கும், மொத்தம் 128 படி. வேக வரம்பை ±8 சதவீதம் வைத்தால் 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) பாட்டில் ஒரு படி நகர்த்தினாலே சுமார் 0.16 பிபிஎம் மாறும். வரம்பை ±4 ஆக்குங்கள், படி பாதியாகும். மிச்சத்தை ஜாக் வீலில் தள்ளிச் சமாளிக்கலாம். 14 பிட் ஃபேடர் இரண்டு செய்தியாக அனுப்பும், அதில் 16,384 படி.

இரவுச்சுழல்: நாப் சரியாகிவிட்டது. நன்றி அண்ணா. பாட்டு அடுக்கப் போகிறேன்.

கியூபாயின்ட்: நல்லது. ஃபேடர் என்ன ஆனது? செலக்ட் நாப் மட்டும் போதுமா, வேறு எதையாவது மாற்றினீர்களா? மேப்பிங்கை வேறு பெயரில் சேமித்து, ஒரு நகலைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வயர்முடிச்சு: நானும் அதைத்தான் கேட்க வந்தேன். நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு வரி எழுதுங்கள்.

பேஸ்தம்பி: ±4 வைத்தேன், இப்போது ஒட்டுகிறது.