சீமெந்தா, சுண்ணாம்பா? இங்கிலாந்துத் தெருவில் சுரண்டிப் பார்த்த பிறகு ஒரு சந்தேகம்

பருத்தித்துறை மேசன்:
வணக்கம். நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவன் நான். இப்போது முழங்கால் விடுவதில்லை. போன கோடைக்கு மகளிடம் இங்கிலாந்து போனபோது மருமகன் சிப்பிங் காம்டன் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் தேத்தண்ணிக் கடை தேடினார்கள். நான் ஹைஸ்ட்ரீட் முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். மகளுக்கு ஒரே வெட்கம்.

தெருவோடு ஒரு சந்தை மண்டபம் நிற்கிறது. வெண்ணெய், சீஸ், கோழி விற்பவர்கள் நனையாமல் இருக்க பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற பெரும் பணக்காரர் 1627இல் கட்டிக் கொடுத்ததாம். சுற்றிவர வளைவு வாசல்கள், ஒன்றுக்கும் கதவில்லை. உள்ளே கல் பாவிய தரை தேய்ந்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. எனக்கு உடனே எங்கள் தெருமூடிமடம்தான் நினைவுக்கு வந்தது. தும்பளைப் பக்கம் போகும் தெரு அந்த மடத்துக்குள்ளால்தான் போகும், இரண்டு கரையிலும் திண்ணை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை வந்தால் அங்கேதான் ஒதுங்குவோம்.

கொஞ்சம் தள்ளி, கிரெவல் என்ற கம்பளி வியாபாரியின் வீடு. 1380 அளவில் கட்டியது. மருமகன் பார்க்காத நேரம் நகத்தால் சாந்தைச் சுரண்டினேன். கல்லை விட மெதுமை. சீமெந்து இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஒரு நாற்சார் வீடு, நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டியது, வெள்ளைக்கல்லில் சுண்ணாம்புக் கட்டு. விறாந்தைச் சுவரில் அடியிலிருந்து மூன்று அடிக்கு முன்பு யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். இப்போது அதற்கு மேலே உப்புப் பூத்துக் கொட்டுகிறது. வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து, “முழுக்கச் சீமெந்து பூசி டைல்ஸ் ஒட்டிவிடுங்கோ” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே இப்படியான சுவருக்கு என்ன செய்கிறார்கள்?

குளொஸ்டர் தம்பி:
அண்ணை, சுரண்டின கதையை வெளியில் சொல்லாதேங்கோ! அந்த இரண்டு கட்டடமும், பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் முதல் தரப் பட்டியலில் இருப்பவை. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மை மாறும்படி அனுமதி இல்லாமல் கை வைத்தால் இங்கே அது குற்றம்.

நான் இங்கே பழைய கட்டடம் திருத்துபவர்களோடு வேலை செய்கிறேன். நீங்கள் கண்டது சரி. சாந்து கல்லை விட மெதுவாகத்தான் இருக்க வேண்டும். சுவருக்குள் போன ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியேறிவிடும். உப்பு சாந்தைத்தான் தின்னும், கல் தப்பும். சாந்தைப் பிறகு மாற்றலாம், கல்லை மாற்ற முடியுமா? சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். அது மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் வெளியே வரும். உங்கள் மூன்றடிக் கணக்கு அதுதான். டைல்ஸ் ஒட்டினால் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான்.

முதலில் கூரைப் பீலியையும், வெளியே சுவரோடு குவிந்த மண்ணையும் பாருங்கோ. பாதி வியாதி அங்கேதான். பிறகு சீமெந்தை மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் உலர விட்டு, ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். உப்பு மணல் வேண்டாம்.

நல்லூர் வாசகி:
அங்கே எல்லாம் தானாகத் தப்பி நின்றது என்று நினைக்க வேண்டாம். அதே ஹிக்ஸ் தனக்குக் கட்டிய மாளிகை 1645இல் உள்நாட்டுப் போரில் எரிந்துபோனது. ஓரங்களில் நின்ற இரண்டு விருந்து மண்டபங்களும் வாசலும் போலச் சிலதுதான் மிச்சம். ஹைஸ்ட்ரீட் வீடுகளைக் காப்பாற்ற 1929இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். சந்தை மண்டபத்தைக்கூட 1940களில் அமெரிக்காவுக்கு விற்கப் பார்த்தார்கள், ஊரார் காசு சேர்த்துத் தடுத்தார்கள். எனக்குப் பிடித்தது 1612இல் ஹிக்ஸ் கட்டிய ஏழைகள் வீடுகள். பன்னிரண்டு பேருக்கென்று கட்டியது, இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இங்கே இலங்கையில் தொல்பொருள் சட்டம் 1940இலேயே வந்துவிட்டது. 1815க்கு முந்திய கட்டடங்களுக்கு அதில் தனி இடம் உண்டு. அந்த நாற்சார் வீட்டின் வயதை முதலில் விசாரியுங்கள், ஐயா.

சுன்னாகம் கொந்திராத்து:
எல்லாம் சரி. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த பெடியன் ஒருவனைக் காட்டுங்கோ பார்ப்போம். சீமெந்துப் பூச்சு ஒரு கிழமையில் முடியும், காசும் கையில் வரும். சுண்ணாம்பு காயும் வரை எவன் காத்திருப்பான்?

பருத்தித்துறை மேசன்:
கொந்திராத்துத் தம்பி, எனக்குக் குழைக்கத் தெரியும். குந்தத்தான் ஏலாது. கதிரை போட்டு இருந்து சொல்லிக் கொடுப்பேன், பெடியன் இருந்தால் அனுப்பும். வெயிலில் கெதியாய்க் காய்ந்தால் வெடிக்கும், ஈரச்சாக்குப் போட்டு மூட வேண்டும். அது அப்பு எனக்கு அடித்துச் சொல்லித் தந்தது.

பீலியை இன்று போய்ப் பார்த்தேன். உடைந்து, தண்ணீர் நேரே சுவர் அடியில்தான் விழுகிறது. மாரிக்கு முன் அதை மாற்றிவிட்டு, தை பிறந்ததும் ஒரு சுவரில் மட்டும் சீமெந்தைக் கொத்தப் போகிறேன். சுண்ணாம்பை இப்போதே நீற்றி பீப்பாவில் போட்டு வைத்தாயிற்று. கனடாத் தம்பிக்கும் படம் அனுப்பினேன். “டைல்ஸ் எப்ப, ஐயா?” என்று பதில் வந்திருக்கிறது.