தாயின் எதிர்ப்பாற்றல் இருக்கும்போது எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசி எடுக்குமா? 9 மாதமா, 12 மாதமா?

வைகைக்கரை செவிலியர்:

புதன்கிழமை தடுப்பூசி முகாமில் தாய்மார் திரும்பத் திரும்பக் கேட்கும் மூன்று கேள்விகள். அட்டவணையைக் காட்டினால் "அது சரி சிஸ்டர், ஏன் அப்படி?" என்கிறார்கள். காரணத்தோடு பதில் வேண்டும்.

ஒன்று: "எனக்குச் சின்ன வயசுல தட்டம்மை வந்திருக்கு. அந்தச் சக்தி பிள்ளைக்கும் வந்திருக்கும்ல? அமெரிக்காவுல ஒரு வயசுக்குத்தான் போடுறாங்களாம். நாமளும் அப்பவே போட்டா என்ன?"

இரண்டு: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு எம்.ஆர். ஊசியைக் கெடுக்கும் என்றால், ஒன்றரை மாதத்தில் போடும் பென்டாவையும் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி) போலியோ சொட்டு மருந்தையும் ஏன் கெடுப்பதில்லை?

மூன்று: 32 வாரத்தில் பிறந்து, எஸ்.என்.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) ரத்தம் ஏற்றிய குழந்தைக்குத் தேதியை எதிலிருந்து கணக்கிடுவது? ரத்தம் ஏற்றியதால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டுமா?

குழந்தை மருத்துவர், கொங்கு:

முதல் கேள்விக்கு என் பதில். வந்திருக்கும், உண்மைதான். ஆனால் அது கரைந்துகொண்டே இருக்கும்.

நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போவது ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடி (கிருமியை முடக்கும் புரதம்) மட்டும். ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஏ. இரண்டும் கடப்பதில்லை. ஐ.ஜி.ஜி. தானாகக் கசிந்து போவதும் இல்லை. நஞ்சுக்கொடியின் மேலடுக்கில் உள்ள எஃப்.சி.ஆர்.என். என்ற ஏற்பி அதைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. நாலாம் மாத வாக்கில் தொடங்கும் இந்த வேலை, கடைசி மூன்று மாதத்தில்தான் வேகமெடுக்கிறது. 28 முதல் 32 வாரத்தில் குழந்தையின் அளவு தாயின் அளவில் ஏறக்குறைய பாதி. 36 வாரத்தில் சமம். நிறைமாதத்தில் தாயைவிடக் குழந்தையிடம் கொஞ்சம் கூடவே இருக்கும்.

பிறந்த பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். தாய்ப்பாலிலும் சீம்பாலிலும் நிறைய இருப்பது ஐ.ஜி.ஏ. அது குடலிலும் தொண்டையிலும் நின்று காவல் காக்கும். ரத்தத்தில் ஏறித் தட்டம்மையைத் தடுக்காது. "நான் பால் கொடுக்கிறேனே" என்று சொல்லும் தாயிடம், வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் அது பெரிய காவல், தட்டம்மைக்கு அதை நம்ப முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். தட்டம்மைக்குப் பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளப்படுவது மில்லி லிட்டருக்கு 120 மில்லி ஐ.யு. (ஆன்டிபாடியை அளக்கும் அலகு). பிறக்கும்போது 3200 இருந்தால் 1600, 800, 400, 200, 100. ஐந்தாம் மாதம் எல்லைக்குக் கீழே போய்விட்டது. தாய் தடுப்பூசி மட்டும் போட்டவர், குழந்தையிடம் இருப்பது 800 என்றால் 400, 200, 100. மூன்றாம் மாதமே தீர்ந்துவிட்டது. இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இதில் பார்க்க வேண்டியது ஒன்று: நான்கு மடங்கு கூடுதலாக இருந்தும் கிடைத்தது இரண்டே மாதம். "எனக்கு அம்மை வந்திருக்கு" என்ற தாயின் பிள்ளையும் ஒரு வயது வரை தாங்காது.

பெல்ஜியத்தில் தாய் சேய்களைத் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மை வந்து தேறிய தாய்மாரின் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு நின்ற இடைநிலைக் காலம் 3.78 மாதம். தடுப்பூசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு 0.97 மாதம். இன்று பிரசவத்துக்கு வரும் பெண்களில் பலர் இந்த இரண்டாவது வகை.

கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு வரும் என்று நம் ஊரில் கேட்பார்களே, தாய்மாரிடம் அதையே சொல்லலாம். சட்டென்று புரியும்.

நோயெதிர்ப்பு ஆய்வகம்:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கீழே போய்விட்டதென்றால் உடனே ஊசி போடலாமே, எதற்கு 9 மாதம் வரை காத்திருப்பது என்று அடுத்த கேள்வி வரும்.

எம்.ஆர். உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். உடலுக்குள் போய்ப் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். தாயின் ஆன்டிபாடி நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்த பிறகும், ஊசியில் உள்ள கொஞ்ச வைரஸை முடக்கப் போதுமானதாக இருக்கிறது. ஆகவே, நோயும் வரலாம், ஊசியும் எடுக்காமல் போகலாம் என்ற ஓர் இடைவெளி எல்லாக் குழந்தைக்கும் உண்டு. இதோடு, 6 மாதக் குழந்தையின் பி செல்கள் (ஆன்டிபாடியை உருவாக்குபவை) முழுதாக முதிர்ந்திருப்பதில்லை. தாயின் ஆன்டிபாடி அறவே இல்லாவிட்டாலும் அந்த வயதில் பதில் கொஞ்சம் மந்தம்தான்.

இந்த இடைவெளியை மருந்தின் அளவைக் கூட்டித் தாண்டப் பார்த்தார்கள். வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வைரஸ் கொண்ட எட்மன்ஸ்டன் சாக்ரப் என்ற தட்டம்மை ஊசியை 6 மாதத்தில் போடலாம் என்று 1989இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆன்டிபாடி வந்தது. ஆனால் செனகல், கினி பிசாவ், ஹைட்டி ஆகிய இடங்களில் தொடர்ந்து பார்த்தபோது, அந்த ஊசி போட்ட பெண் குழந்தைகளில் பின்னாளில் இறப்பு கூடுதலாக இருந்தது. 1992இல் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். நாம் இன்று போடுவது அதே வகை வைரஸின் வழக்கமான அளவு. அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. வயதைக் குறைக்க அளவைக் கூட்டும் வழி அத்தோடு மூடப்பட்டது.

9 மாதத்தில் போட்டால் ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்கு எடுக்கிறது, 12 மாதத்தில் 95 சதவீதம். அமெரிக்காவில் 1963இல் 9 மாதம் என்று தொடங்கி, 1965இல் 12, 1976இல் 15 மாதம் என்று தள்ளினார்கள். தடுப்பூசி போட்ட தலைமுறை தாயானதும் மறுபடி 12க்கு இறக்கினார்கள். அங்கே நோய் நம் நாட்டளவுக்குச் சுற்றாததால் காத்திருக்க முடிகிறது. நோய் சுற்றும் நாட்டில் அந்த மூன்று மாதக் காத்திருப்பு ஆபத்து. ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்தால் நிமோனியாவும் பிற்காலத்து மூளைப் பாதிப்பும் அதிகம். 9 மாதத்தில் விடுபடும் 15 பேரைப் பிடிக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது எம்.ஆர். முதல் ஊசியோடு நிற்கும் தாய்மாருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை செவிலியர்:

நன்றி டாக்டர், நன்றி சார். சிலர் தனியார் லேபில் ஆன்டிபாடி பார்த்துவிட்டு வந்து போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். பக்கத்து ஊரில் தட்டம்மை வந்தால் 9 மாதத்துக்கு முன்பே போடலாமா என்றும் கேட்கிறார்கள்.

நோயெதிர்ப்பு ஆய்வகம்:

டெஸ்ட் வேண்டாம். லேப்களில் செய்வது எலைசா என்ற ரத்தப் பரிசோதனை. கேள்விக்குரிய அந்தக் குறைந்த அளவை அது சரியாகப் பிடிக்காது. "நெகட்டிவ்" என்று வரும் குழந்தையிடமும் ஊசியை முடக்கும் அளவு இருக்கக்கூடும். குழந்தையைக் குத்தி ரத்தம் எடுத்துக் கிடைக்கும் முடிவால் எதுவும் மாறப்போவதில்லை.

குழந்தை மருத்துவர், கொங்கு:

முன்கூட்டியே போடுவதைப் பொறுத்தவரை: பரவல் இருந்தால் 6 மாதம் முடிந்த குழந்தைக்குப் போடலாம், ஆனால் மாவட்ட சுகாதார அலுவலகம் அறிவித்தால். 2022 நவம்பரில் மும்பையிலும் வேறு சில இடங்களிலும் பரவியபோது, நோயாளிகளில் 10 சதவீதத்துக்கு மேல் 9 மாதத்துக்குட்பட்டவர்களாக இருக்கும் பகுதிகளில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்குக் கூடுதல் டோஸ் போட மத்திய அரசு சொன்னது.

இங்கேதான் தவறு நடக்கிறது. அந்த டோஸை அட்டையில் "எம்.ஆர். 1" கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். பிறகு வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு 9 மாத ஊசியை விட்டுவிடுவார். முன்கூட்டியே போட்டது கணக்கில் சேராத டோஸ். "0 டோஸ்" என்று தனியாக எழுதுங்கள். 4 வார இடைவெளி விட்டு 9 மாத ஊசி, பிறகு 16 மாதத்துக்கு மேல் அடுத்தது, இரண்டும் கட்டாயம்.

தடுப்பூசிக் கிடங்கு:

இரண்டாவது கேள்விக்கு. எல்லா ஊசிக்கும் ஒரே விதி கிடையாது, அதனால்தான் குழப்பம்.

பென்டாவில் உயிருள்ள கிருமி இல்லை. பெருக வேண்டிய தேவையும் இல்லை. தாயின் ஆன்டிபாடி முதல் டோஸின் பலனைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நினைவு செல்கள் உருவாகிவிடும். 10, 14 வாரங்களில் தாயின் பங்கு குறையக் குறைய, குழந்தையின் பதில் ஏறும். ஒரு டோஸுக்குப் பதில் மூன்று வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கக்குவான் இருமலில் சாவு பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான், காத்திருக்கவும் முடியாது. தாமதமாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து 4 வார இடைவெளியில் தொடருங்கள்.

ஐ.பி.வி.க்கு (போலியோ ஊசி) தாயின் ஆன்டிபாடி நன்றாகவே குறுக்கே நிற்கும். தோலுக்குள் 0.1 மி.லி. என்று 6, 14 வாரங்களில் போட்டுவந்ததோடு, 2023 ஜனவரி முதல் 9 மாதத்தில் மூன்றாவது டோஸ் சேர்த்தது இதை ஈடுகட்டத்தான் உதவுகிறது. வாய்வழிச் சொட்டு மருந்து குடலில் வேலை செய்வது, ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. அதை அவ்வளவாகத் தொடாது. காசநோய்க்கான பி.சி.ஜி.யின் வேலை டி செல்கள் என்ற வெள்ளணுக்களோடு. ஆன்டிபாடி ஒரு பொருட்டே இல்லை. மஞ்சள் காமாலை பி ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள். தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் 12 மணி நேரத்துக்குள் ஊசியோடு, வேறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (தயார்நிலை ஆன்டிபாடி) போட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் எந்த லாபமும் தெரியவில்லை. பால் கொடுக்கச் சொல்லுங்கள். அழுகிற பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம்.

எடுக்காமல் போன எம்.ஆர். எல்லாவற்றுக்கும் தாயின் ஆன்டிபாடியைக் குறை சொல்லவும் கூடாது. வெயிலில் வைத்த வயல் (மருந்துக் குப்பி), குளிராத டைலுவென்ட் (மருந்தைக் கரைக்கும் திரவம்), கலக்கி 4 மணி நேரம் தாண்டியது, மாற்றி ஊற்றிய வேறு டைலுவென்ட்: இவை எல்லாம் வைரஸைக் கொன்றுவிடும். டைலுவென்டை முந்தின நாளே ஐ.எல்.ஆரில் (தடுப்பூசிக் குளிர்பெட்டி) வைத்து 2 முதல் 8 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கலக்கிய நேரத்தை வயலில் எழுதுங்கள். 0.5 மி.லி., வலது மேல்கையில், தோலுக்கடியில். ஒரே குழந்தை வந்தாலும் வயலைத் திறக்கத் தயங்க வேண்டாம். "அடுத்த புதன் வாங்க" என்று அனுப்பினால் சிலர் திரும்பி வருவதே இல்லை.

குழந்தை மருத்துவர், கொங்கு:

மூன்றாவது கேள்வி. குறைமாதக் குழந்தைக்குத் தேதி பிறந்த நாளிலிருந்துதான்; பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிட்டு இரண்டு மாதம் தள்ளிவிடாதீர்கள். 32 வாரத்தில் பிறந்தது என்றால் தாயிடமிருந்து வாங்கியதே பாதி. சீக்கிரம் வெறுமையாகிற குழந்தை அது, இன்னும் தாமதிப்பது நியாயமில்லை.

ஏற்றிய ரத்தத்தில் கொடையாளரின் ஆன்டிபாடியும் வரும். அது எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளை மட்டும் பாதிக்கும். பென்டா, ரோட்டா, சொட்டு மருந்து, பி.சி.ஜி. அட்டவணைப்படியே. பாக்டு செல் (பிரித்தெடுத்த சிவப்பணு) ஏற்றியிருந்தால் எம்.ஆருக்கு 6 மாதம், பிளாஸ்மா, பிளேட்லெட்டுக்கு 7 மாதம் இடைவெளி. பிறந்த முதல் மாதத்தில் ஏற்றிய குழந்தைக்கு 9 மாதம் வருவதற்குள் பெரும்பாலும் அது கடந்திருக்கும்.

கவாசாகி நோய்க்கு (குழந்தைகளுக்கு வரும் ரத்தநாள அழற்சி) கிலோவுக்கு 2 கிராம் ஐ.வி.ஐ.ஜி. (ரத்தநாளம் வழி ஏற்றும் ஆன்டிபாடி) கொடுத்திருந்தால் 11 மாதம் இடைவெளி வேண்டும். நடுவில் ஊரில் தட்டம்மை வந்தால் காத்திருக்காமல் போட்டுவிட்டு, இடைவெளி முடிந்ததும் மறுபடி போடுங்கள். எம்.ஆர். போட்ட 14 நாளுக்குள் ஐ.வி.ஐ.ஜி. ஏற்ற நேர்ந்தாலும் அந்த எம்.ஆரைத் திரும்பப் போட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன ஏற்றினார்கள், எந்தத் தேதி என்று பார்த்து, தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள் சிஸ்டர்.