கிட்னி பேஷண்ட் வீட்டுக்கு வர்றவங்க பண்ற அலப்பறை: உங்க அனுபவம்?

தெப்பக்குளத்தான்:
அப்பாவுக்கு கிட்னி பாதிப்பு ஸ்டேஜ் 4, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற கணக்கு) 22. ரத்தத்துல பொட்டாசியம் கூடி 5.8 வந்ததும் டாக்டர் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸ் எல்லாத்துக்கும் தடா போட்டுட்டாரு. அதுலெல்லாம் பொட்டாசியம் ஜாஸ்தி, பழுதான கிட்னியால அத வெளியேத்த முடியாது. சித்திரைத் திருவிழா எதிர்சேவை அன்னிக்குத் தல்லாகுளத்துல மண்டைய பொளக்குற வெயில். நான் பைக்க நிறுத்திட்டு வர்றதுக்குள்ள பெரியப்பா இளநி சீவச் சொல்லி, ஸ்ட்ராவும் போட்டு அப்பா கையில குடுத்துட்டாரு. வாய்க்குப் போகப் போகுது, நான் வெடுக்குனு பிடுங்கிட்டேன். அம்புட்டுக் கூட்டத்துல. "பெத்த அப்பனுக்கு ஒரு இளநி குடுக்க மனசில்லாத பய"ன்னாரு பெரியப்பா. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழ வச்சுட்டு என்னையவே பாத்தாரு. அப்பா ஒண்ணும் சொல்லல, ஈரக் கைய வேட்டியில தொடச்சுக்கிட்டாரு. அதான் இன்னும் உறுத்துது.

மேலூர் மருமக:
எங்க வீட்ல மாமியாருக்கு. நாத்தனார் சென்னையிலருந்து ஒரு உப்பு பாக்கெட் கொண்டு வந்தாங்க. "சோடியம் கம்மிம்மா, கிட்னிக்கு நல்லது"ன்னு. திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல பொட்டாசியம் குளோரைடு. சோடியத்தக் கொறச்சுட்டு அதத்தான் கலக்குறாங்க. சொன்னேன். "நீ என்ன டாக்டரா?" அடுத்த செக்கப்புக்கு அந்தப் பாக்கெட்டையே எடுத்துட்டுப் போனோம். டயட்டீஷியன் படிச்சுப் பாத்துட்டு டிராயர்ல போட்டு மூடிட்டாங்க, திருப்பியே தரல. நாத்தனாருக்கு உடனே போன் போடணும்னு கை பரபரத்துச்சு. போடல.

உசிலம்பட்டியான்:
எல்லாத்தையும் வேணாம்னா மனுசன் என்னத்தத்தான் திங்கிறது? எங்க சித்தப்பா வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சே சரியானாரு. டயாலிசிஸ் வரைக்கும் போகும்னு பயமுறுத்துனாங்க, இப்ப ஆடு மேய்க்கிறாரு. தண்ணி நெறைய குடிங்க, தானா சரியாயிரும்.

மேலூர் மருமக:
அண்ணே, சித்தப்பாவுக்கு இருந்தது கல்லா, இல்ல கிட்னி பழுதாகி ரத்தத்துல கிரியாட்டினின்ங்கற கழிவு ஏறுனதா? கல்லுன்னா தண்ணி நெறைய குடிக்கச் சொல்வாங்க. எங்க மாமியார் மாதிரி கால் வீங்கிக் கெடக்குறவங்களுக்கு அளந்துதான் குடுக்கணும். ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க.

உசிலம்பட்டியான்:
கல்லுதான். ஆனா கிட்னி கிட்னிதான?

அனுப்பானடி வாத்தியார்:
என் கதை சின்னது. கூட வாக்கிங் வர்ற நண்பர் மூட்டுவலிக்கு மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக்ங்கற, கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரைய வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தார். "காலையில சிறுநீர் நுரை நுரையா போகுதே சார்"னு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே கேட்டார். அது கிட்னியில புரதம் ஒழுகுறதோட அறிகுறியா இருக்கலாம்னு அவருக்குத் தெரியல. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

தெப்பக்குளத்தாருக்குச் சில விஷயம். பிடுங்கினது சரிதான். ஒரு டம்ளர் இளநீர்லயே பொட்டாசியம் ஏறக்குறைய 500 மில்லிகிராம் வந்துரும், பொட்டாசியம் எகிறுனா இதயத்துடிப்பே தப்பும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய்ல இருக்கறதும் அந்தக் கணக்குலதான் வரும். பலரும் சாம்பார்ல மட்டும் கொறச்சுட்டு மோர்மிளகாயைக் கடிச்சுக்கிறாங்க! பிரஷர் 130க்கு 80க்குள்ள நிக்குதான்னு வீட்லயே பாத்து நோட்ல எழுதுங்க. கிரியாட்டினின் மட்டும் போதாது, சிறுநீர்ல ஆல்புமின்ங்கற புரதம் எவ்வளவு போகுதுன்னும் பாக்கச் சொல்லுங்க. பருப்பு, முட்டையை நீங்களா நிறுத்தாதீங்க, எவ்வளவுன்னு டயட்டீஷியன் சொல்லட்டும். நாட்டு மருந்து, பஸ்பம் எதுவும் டாக்டருக்குத் தெரியாம வேண்டாம். தாங்குற அளவு தினம் நடக்கச் சொல்லுங்க. பீடி, சிகரெட் இருந்தா அடியோட விடணும். உருளைக்கிழங்கு ஆசைன்னா தோல் சீவி, பொடியா நறுக்கி, நெறைய தண்ணியில வேகவச்சு வடிச்சுருங்க. பொட்டாசியம் கொறையும்.

தெப்பக்குளத்தான்:
சார், இதெல்லாம் எங்க வீட்டு பிரிட்ஜ்லயே ஒட்டியிருக்கு. நான் கேட்டது இது இல்ல. பெரியப்பா மாதிரி ஆளுங்கள எப்படிச் சமாளிக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

அனுப்பானடி வாத்தியார்:
அவரையே அடுத்த செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. டாக்டர் வாயால கேட்டா அடங்குவார்.

மேலூர் மருமக:
சார், ஒரு சந்தேகம். வடிச்ச தண்ணிய என்ன பண்றது? "சத்தெல்லாம் அதுலதான் இருக்கு"ன்னு எங்க மாமியார் அதுலதான் ரசம் வைக்கிறாங்க.

அனுப்பானடி வாத்தியார்:
ஐயையோ! சிங்க்ல கொட்டச் சொல்லுங்கம்மா.