‘எளிய நிதி’யா, ‘சிக்கலற்ற நிதி’யா?

அவையோர்க்கு வணக்கம்.

முதலீட்டு நிதிகளுக்கு இங்கே முன்மொழியப்பட்ட தமிழ்ப் பெயர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பலரின் பணத்தைத் திரட்டி முதலிடும் நிதியாக இருந்தும், பங்கைப் போலவே சந்தை நேரத்தில் வாங்கி விற்கப்படும் இடிஎஃபுக்குச் (exchange-traded fund) ‘சந்தை வணிக நிதி’ என்ற பெயரை ஏற்கிறேன். ‘பரிமாற்ற வர்த்தக நிதி’யில் வரும் பரிமாற்றம் பங்குச்சந்தை என்ற பொருளைத் தருவதே இல்லை. ஆனால் அத்தகைய நிதிகளுள் சிறு முதலீட்டாளருக்கு விளங்கும் அமைப்புடையதை ‘எளிய நிதி’ என அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எளியது என்றால் ஆபத்தில்லாதது என்றே பலரும் கொள்வர். ஐம்பது பெரிய இந்திய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் நிதி, அந்த ஐம்பது பங்குகளையும் குறியீட்டில் உள்ள விகிதத்திலேயே வாங்கி வைத்திருக்கிறது. அதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆயினும் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, நிதியின் ஆபத்தைக் காட்ட வகுத்த இடர்மானியில் அதன் முள் ‘மிக அதிகம்’ என்பதில் நிற்கிறது.

2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் முதலீட்டுச் சந்தை விதிகளான மிஃபிட் 2 (MiFID II) சிக்கலானவை, சிக்கலற்றவை என்றே முதலீடுகளைப் பிரிக்கின்றன. சிக்கலானதை வாங்க வருபவருக்கு அதில் அறிவும் பட்டறிவும் உண்டா என்று விற்பவர் கேட்டறிய வேண்டும்.

தருமபுரியில் பட்டுக்கூடு ஏலத்தைப் பார்த்தவர்களுக்குச் ‘சிக்கல்’ நன்கு விளங்கும். ஒரு புழு கட்டிய கூட்டில் நுனியைப் பிடித்தால் இழை தொடர்ந்து வரும். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக்கூட்டில் இரண்டு இழைகளும் பின்னிக்கொள்வதால், நூற்பவர் அதைத் தனியே ஒதுக்கிவிடுவார். அது கழிவன்று, அதிலும் துணி நெய்கிறார்கள். ஆனால் அதற்கான கை வேறு. பங்குகளை வாங்காமல், குறியீட்டின் ஆதாயத்தைத் தருவதாக வங்கி செய்துகொண்ட ஒப்பந்தத்தை நம்பி நடக்கும் நிதியும் அப்படித்தான்: குறியீட்டின் போக்கோடு வங்கியின் நம்பகத்தன்மையும் அதில் பின்னியிருக்கிறது.

குறியீட்டின் அன்றாட ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாக்கும் நிதிகளில் சிக்கல் கணக்கில் இருக்கிறது. குறியீடு 100-லிருந்து 90-க்கு இறங்கி, மறுநாள் மீண்டும் 100-க்கே ஏறினால், நிதி முதலில் 80-க்கு இறங்கி, பிறகு ஏறத்தாழ 97.8-ஐத்தான் எட்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க எண்ணும் சிறு முதலீட்டாளருக்கு இவை பொதுவாகப் பொருந்தா என்று அமெரிக்காவில் தரகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஃபின்ரா 2009-இலேயே தரகர்களுக்கு நினைவூட்டியது.

ஆகவே ‘சிக்கலற்ற நிதி’, ‘சிக்கலான நிதி’ என்ற இணையை முன்மொழிகிறேன். பின்னதைச் ‘சிக்கல் நிதி’ என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். பணம் திரும்பி வராமல் மாட்டிக்கொண்ட நிதி என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.