நான்கு ஆண் கினி பிக்: ஒரே கூண்டா, இரண்டு கூண்டா?

வேளச்சேரி_நால்வர்
வணக்கம். ஒரே ஈற்றில் பிறந்த நான்கு கினி பிக்குகளை (சீமைப்பெருச்சாளி) வளர்க்கிறேன். நான்கும் பெண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மருத்துவர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், நான்கும் பையன்கள். இப்போது ஐந்து மாதம். இதுவரை ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கியவை, மூன்று வாரமாக உறுமிக்கொண்டே திரிகின்றன. நேற்று ஒருவன் காதில் ரத்தம். கூண்டு ஐந்தடிக்கு இரண்டடி. பிரித்தால் ஏங்கிவிடுமோ, பிரிக்காவிட்டால் கொன்றுகொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் வேறு "அந்தப் பெருச்சாளிகளை எங்காவது கொடுத்துவிடு" என்கிறார்கள்.

முடிச்சூர்_கூண்டு
இன்றைக்கே பிரியுங்கள். இரண்டு இரண்டாக. ஐந்து மாதம் என்றால் விடலைப் பருவம். மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி ஒரு வயது தாண்டியும் இந்த ஆட்டம் ஓடும். காட்டில் இவற்றின் உறவினங்கள் வாழ்வது ஒரு ஆண், சில பெண் என்ற கணக்கில். நான்கு சேவலை ஒரே கூடையில் கவிழ்த்துவிட்டுச் சமாதானம் எதிர்பார்ப்பீர்களா?

பெரம்பூர்க்காரன்
முடிச்சூர் நண்பர் எல்லா இழையிலும் இதே சேவலைப் பறக்கவிடுகிறார் 😄 என்னிடம் ஐந்து ஆண்கள், மூன்று வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள். கூண்டு கிடையாது, தரைத்தளத்தில் பத்தடிக்கு நாலடி இடத்தைப் பெஞ்சு போட்டு மறித்திருக்கிறேன்.

வேளச்சேரி நண்பரே, உங்களிடம் இருப்பது 10 சதுர அடி. இரண்டு கினி பிக்குக்கே குறைந்தது 7.5, நான்குக்கு 13 என்று வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் சொல்வார்கள். அதுவும் பொதுக்கணக்கு, ஆண்கள் என்றால் இன்னும் தாராளமாக வேண்டும். மாநகரப் பேருந்தில் எட்டரை மணிக்கு ஏறிப் பாருங்கள், நமக்கே கை நீளும்.

இடுப்பை ஆட்டி ஆட்டி, செல்பேசி அதிர்வது மாதிரி உறுமி நடப்பது சண்டை இல்லை. மேலே ஏறுவது, துரத்துவது, மூக்கை உயர்த்தி யார் பெரியவன் என்று பார்ப்பது, இதெல்லாம் பஞ்சாயத்து. பதறிப்போய்ப் பிரித்து மறுபடி சேர்த்தால் பஞ்சாயத்து முதலிலிருந்து தொடங்கும்.

முடிச்சூர்_கூண்டு
காதில் ரத்தம் வந்தது பஞ்சாயத்தா?

பெரம்பூர்க்காரன்
ஒரு கீறலா, வேண்டுமென்றே கடித்ததா என்று தெரியாமல் தீர்ப்பு வேண்டாம் என்கிறேன். ஜெர்மனியில் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பெர்ட் சாக்சர் குழுவினர் இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பெரிய கூட்டத்தில் வளர்ந்த ஆண், முன்பின் தெரியாத ஆணோடுகூடச் சண்டையில்லாமல் ஒத்துப்போகிறது. தனியாக வளர்ந்ததுதான் பாய்கிறது. விடலை வயதில் பெரியவர்களிடம் அடங்கி நடக்கப் பழகுவதுதான் காரணம். நீங்கள் அந்தப் பழக்கத்தையே வெட்டச் சொல்கிறீர்கள்.

முடிச்சூர்_கூண்டு
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். அவை பெண்களும் இருந்த கூட்டங்கள். எண்ணிக்கை கூடியபோது ஆண்கள் ஆளுக்கொரு மூலையும் சில பெண்களும் என்று பிரிந்துகொண்டார்கள். வேளச்சேரி வீட்டில் எங்கே மூலை? அடக்கம் கற்றுக்கொடுக்க அங்கே பெரியவர் யார்? நான்கும் ஒரே வயசுப் பையன்கள். விடுதி அறை அது.

உங்கள் ஐந்து பேர் ஒத்துப்போவது உங்கள் நாற்பது சதுர அடியின் அதிர்ஷ்டம். நான் மூன்று ஆண்களை வைத்திருந்தேன். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு மூன்றாவதைத் தீவனத்தட்டுக்கே வரவிடவில்லை. எனக்குத் தெரிந்தது அவன் எலும்பு கையில் தட்டியபோதுதான். அதனால்தான் கத்துகிறேன்.

கொத்தமல்லிக்கட்டு
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். தம்பி, சில கேள்வி. பல்லை நறநறவென்று கடிக்கிறதா? முடி சிலிர்த்து, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறதா? (அது தூக்கம் இல்லை, எச்சரிக்கை.) ஒளிய எத்தனை பெட்டி, அவற்றுக்கு எத்தனை வாசல்? தண்ணீர் புட்டி எத்தனை? பக்கத்தில் பெண் கினி பிக் எங்காவது உண்டா?

சண்டை நடக்கும்போது வெறுங்கையை நடுவில் விடாதீர்கள், தடித்த துண்டைப் போடுங்கள். என் விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

வேளச்சேரி_நால்வர்
பல் நறநறப்பு உண்டு, முக்கியமாக இரண்டு பேருக்குள். ஒரே ஒரு மரவீடு, ஒரு வாசல். ஒரு புட்டி, ஒரு தட்டு. பெண்... மேல் மாடியில் இரண்டு பெண் கினி பிக் வளர்க்கிறார்கள். தினமும் மாலையில் போய்க் கொஞ்சிவிட்டு வருவேன். அது ஒரு விஷயமா?

கொத்தமல்லிக்கட்டு
ஐயோ தம்பி! சட்டையில் பெண் வாசனையோடு வந்து விடலைப் பையன்கள் கூண்டுக்குள் கையை விட்டால்? எத்தனை நாளாக?

வேளச்சேரி_நால்வர்
மூன்று வாரம்...

பெரம்பூர்க்காரன்
வழக்கு முடிந்தது. சட்டையை மாற்று, கையைக் கழுவு, கூண்டைப் பெரிதாக்கு. பிரிக்காதே.

முடிச்சூர்_கூண்டு
முடியவில்லை. மூட்டியது சட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் வந்த இருவர் இடையே பகை விழுந்துவிட்டது. வாசனை போனாலும் அது போகாது.

கொத்தமல்லிக்கட்டு
இதில் நான் முடிச்சூர் பக்கம், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. நாற்பது சதுர அடி தர முடியாத வீட்டில் நான்கு பேரை வைத்துப் பரிசோதனை வேண்டாம். யார் யாரோடு ஒட்டிப் படுக்கிறான் என்று பார்த்து ஜோடி சேருங்கள், எடையை வைத்து அல்ல. நறநறக்கும் இருவரும் ஒரே பக்கம் வரக்கூடாது. யாரையும் ஒற்றையாக்கவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் கினி பிக்கைத் தனியாக வளர்ப்பது சட்டப்படியே தப்பு.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு அட்டைப்பெட்டி, இரண்டு வாசல் வெட்டியது. ஒரு வாசல் என்றால் உள்ளே போனவன் மாட்டிக்கொள்வான். தட்டு, புட்டி எல்லாம் இரண்டு. புல்லை ஒரே குவியலாகப் போடாமல் நாலு இடத்தில் போடுங்கள். சுத்தம் செய்யும்போது பழைய துணி ஒன்றை விட்டுவையுங்கள். எல்லா வாசனையும் ஒரே நாளில் போனால் மறுபடி எல்லை போட ஆரம்பிப்பார்கள். கத்திரி வெயிலில் குளிர்ந்த கல் ஒன்றுதான் இருந்தால் அதற்கும் அடிதடி, ஆளுக்கொன்று வையுங்கள்.

காதை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். மேலே ஆறினாலும் உள்ளே சீழ் கட்டலாம். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், இவற்றின் குடலுக்கு அது எமன்.

பூக்கடை_மாடி
கருத்தடை செய்தால் அடங்காதா?

முடிச்சூர்_கூண்டு
குட்டி வராது, அவ்வளவுதான். அதிகாரச் சண்டை நிற்கும் என்று நம்பிக் கத்தி வைக்காதீர்கள்.

பெரம்பூர்க்காரன்
அபூர்வமாக ஒத்துப்போகிறேன்.

வேளச்சேரி_நால்வர்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். காதுக்கு மருந்து போட்டாயிற்று. பால்கனிக் கதவுப் பக்கம் இடத்தை நீட்டி, நடுவில் கம்பி வலை வைத்து இரண்டு இரண்டாகப் பிரித்தேன். மேல் மாடிக்குப் போனால் குளித்துவிட்டுத்தான் கூண்டுப் பக்கம். அருகம்புல்லுக்குப் பூக்காரம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தினமும் பிள்ளையார் பூஜை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உறுமல் குறைந்திருக்கிறது. பகையாளிகள் இருவரும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூக்கோடு மூக்கு வைத்துப் படுக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வலையை எடுத்துவிடலாமா?

பெரம்பூர்க்காரன்
எடுக்கலாம்.

முடிச்சூர்_கூண்டு
எடுக்காதீர்கள்.

கொத்தமல்லிக்கட்டு
அதை அப்புறம் பார்க்கலாம். மூக்கோடு மூக்கு என்கிறீர்களே, வலைக் கண் எவ்வளவு அகலம்? மூக்கு நுழைகிற அளவு என்றால் கடிபடும்.

வேளச்சேரி_நால்வர்
அளந்துவிட்டு வருகிறேன் அக்கா.